முப்பத்தொன்பது வருஷப் பிழைக்குத் திரை தைக்க மாட்டேன்

எங்கள் பள்ளிவாசலின் நூற்றாண்டு விழாக் கல்லுக்குத் திரை தைத்துத் தர நான் மறுத்தேன் என்பது உண்மைதான். ஒன்பது நாட்கள் மறுத்தேன். அதற்கு ஊரில் சொல்லப்படும் காரணங்கள்தான் உண்மையில்லை. விழாவில் பெண்களுக்குச் சரியான இடம் ஒதுக்கவில்லை என்று கோபித்தேனாம். பள்ளி நிருவாகச் செயலாளரின் மருமகளோடு எனக்குப் பழைய பகையாம். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மண்டை பிசகிவிட்டதாம். கடைசியாகச் சொன்னதில் மட்டும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, எல்லாம் வீடியோவில்தான் தொடங்கியது. அதனால் நடந்ததை நடந்த ஒழுங்கில் நானே எழுதி வைக்கிறேன். ஆட்களின் பெயர் வேண்டாம். கல்லில் வெட்டிய ஆண்டையும் எழுதப் போவதில்லை. எழுதினால் எந்தப் பள்ளி என்று கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும். மற்றக் கணக்குகள் சரியாக இருக்கும்.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின்கள். ஒன்றில் நான், மற்றதில் என் ராத்தா, மூத்த சகோதரி. அபாயாவும் பாடசாலைச் சீருடையும்தான் பெரும்பாலும். ஓ.எல். பரீட்சை வரை படித்தேன், சரித்திரத்தில் நல்ல புள்ளியோடு திறமைச் சித்தி. அதற்கு மேல் ஏன் படிக்கவில்லை என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. வாசிப்பதை மட்டும் நிறுத்தியதில்லை. பொது நூலகத்தின் சரித்திர அடுக்கை இரண்டு தடவை முடித்திருக்கிறேன். நாட்குறிப்புக் கொப்பிகளும் இருக்கின்றன. எந்த வருஷம் பிறை எப்போது தென்பட்டது, எந்த மாரியில் வெள்ளம் எந்த வீட்டுப் படி வரை வந்தது, மின்வெட்டு எத்தனை மணி நேரம் என்றெல்லாம் அதில் உண்டு. எதையும் தேதி இல்லாமல் ஞாபகம் வைத்திருக்க எனக்கு வராது.

கொரோனா ஊரடங்கில் நூலகம் மூடியது. இரவல் எடுத்த புத்தகங்களை மூன்றாவது முறை வாசிக்கத் தொடங்கியபோதுதான் போனில் தேடிப் பார்த்தேன். உலக சரித்திரத்தை ஆதியிலிருந்து இலவசமாகப் படிப்பிக்கும் பாடங்கள் வரிசையாகக் கிடந்தன. பேசுபவரின் முகம் தெரியாது. குரல் வரும், திரையில் கோடுகள் வளரும், தேச வரைபடம் நிறம் மாறும். ஆங்கிலம்தான். வேகத்தைக் குறைத்து, கீழே ஓடும் எழுத்துகளை வாசித்து, விளங்காத சொல்லுக்கு அகராதியைத் தட்டி, முதல் பத்து நிமிடப் பாடத்தை முடிக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இருபதாவது பாடத்தில் அரை மணி. நூறாவது பாடம் தாண்டியபோது மெஷினை நிறுத்தாமலே கேட்கப் பழகிவிட்டேன்.

அந்தக் குரல் என்னிடம் வயதைக் கேட்கவில்லை. எந்தப் பாடசாலை, ஏ.எல். செய்தாயா, யாருடைய மகள் என்று ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இதையெல்லாம் கேட்காமல் யாரும் எவருக்கும் எதையும் படிப்பிப்பதில்லை.

நேர்த் தையல்களில் கேட்பேன். அபாயாவின் நீண்ட பக்கத் தையல் ஒன்றில் ரோமாபுரி விழுந்தது. இன்னொன்றில் சீனர்கள் காகிதம் செய்தார்கள். கழுத்து வெட்டும்போது மட்டும் பாடத்தை நிறுத்திவிடுவேன். கழுத்தும் சரித்திரமும் ஒரே நேரத்தில் சரியாக வராது. ராத்தாவுக்கு இது தினம் ஒரு பகிடி.

"என்னகா, இண்டைக்கு எந்த ராசா மௌத்து?"

"இண்டைக்கு ராசா இல்ல ராத்தா. கொள்ளை நோய். ஐரோப்பாவில மூண்டுல ஒரு பங்கு சனம் முடிஞ்சி போச்சாம்."

"நல்ல நேரம் பாத்துத்தான் அந்த மனிசன் இதப் போட்டிரிக்கான். வாயத் துணியால மூடிட்டுக் கேளு, ஒட்டிக்கிரும்."

அதே துணியில் அன்றைக்கு நாங்கள் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தோம்.

பாடங்கள் கூடக் கூட ஆண்டுகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கின. எது முந்தியது, எது பிந்தியது, ஒரே காலத்தில் எங்கே என்ன நடந்தது என்று பார்க்க எனக்கு ஒரு கோடு தேவைப்பட்டது. கையில் இருந்தது அளவு நாடா. நூற்றைம்பது சென்ரிமீற்றர். ஒரு மில்லிமீற்றரை ஒரு வருஷமாக வைத்தேன். நாடாவின் தொடக்கம் கி.பி. 500, முடிவு 2000. பழைய நாடா ஒன்றை வெட்டும் மேசையின் விளிம்பில் நீளமாக ஒட்டி, ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய இடத்தில் குண்டூசி அளவில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் இலக்கம் போட்டேன். ஒரு வருஷத்தில் அந்த மேசை விளிம்பில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் நிறைந்தன.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. குர்ஆன் மத்ரஸாவில் சின்ன வயதில் படித்த சரித்திரமெல்லாம் ஹிஜ்ரி ஆண்டில்தான் என் தலையில் இருந்தது. அதையும் இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க விரும்பினேன். இரண்டாவது நாடா ஒன்றை எடுத்து, அதன் பூச்சியத்தை முதல் நாடாவின் 622 இல், அதாவது 12.2 சென்ரிமீற்றரில், ஊசி குத்தி நிறுத்தினேன். நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த ஹிஜ்ரத் நடந்த ஆண்டு அது. இரண்டு நாடாவும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. இனி ஹிஜ்ரியைப் பார்த்தால் நேர் மேலே கிறிஸ்து ஆண்டு. பாடசாலையில் ஒன்பதாம் ஆண்டில் எங்கள் சரித்திர ஆசிரியர் சொல்லித் தந்ததும் அதுதான்: ஹிஜ்ரியோடு 622 ஐக் கூட்டு.

பக்தாத் விழுந்தது ஹிஜ்ரி 656. என் நாடாவில் அதற்கு நேரே 1278 வந்தது. வீடியோவோ 1258 என்றது. இரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம். கைநீளத்தில் இரண்டு சென்ரிமீற்றர் பிழைத்தால் அபாயாவை அன்றைக்கே திருப்பிக் கொண்டு வந்துவிடுவார்கள். பேரரசு ஒன்றின் தலைநகர் விழுந்ததில் எப்படி விடுவது? வீடியோவுக்குக் கீழே நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். ஐயா, நீங்கள் இருபது வருஷம் பிழைவிட்டிருக்கிறீர்கள், முஸ்லிம்களின் சரித்திரத்தைச் சொல்லும்போது முஸ்லிம்களின் கணக்கையும் பார்க்க வேண்டும் என்று. எழுதிவிட்டு இரண்டு நாள் எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் பதில் வந்தது, பாடம் நடத்தியவரிடமிருந்து அல்ல, எங்கேயோ இருக்கிற ஒரு பெண்ணிடமிருந்து. ஒரே ஒரு கேள்வி. சகோதரி, உங்கள் ஊரில் நோன்பு ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதத்திலா வருகிறது?

மெஷினில் கால் அப்படியே நின்றது. ஏழு வயதிலிருந்து நோன்பு பிடிக்கிறேன். மாரி மழையில் பிடித்திருக்கிறேன், கச்சான் காற்றில் நாக்கு வரளப் பிடித்திருக்கிறேன். வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதை என் கொப்பிகளிலேயே வருஷம் வருஷமாக எழுதி வைத்திருக்கிறேன். பிறை வருஷம் சூரிய வருஷத்தை விடக் குட்டை. என் இரண்டாவது நாடாவின் ஒவ்வொரு மில்லிமீற்றரும் கொஞ்சம் சுருங்கியிருக்க வேண்டும். பருத்தித் துணியைத் தண்ணீரில் போடாமல் வெட்டிய தையல்காரியின் பிழை அது. நூற்றுக்கு மூன்று சுருங்கும் என்பது தெரிந்தவள் விடக்கூடாத பிழை.

கொமென்டை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. அதன் கீழேயே, பிழை என்னுடையது என்று எழுதினேன். இன்றும் அது அங்கே கிடக்கிறது. பிறகு கன்வஸ் துணியில் நாடா அகலத்துக்கு ஒரு பட்டி வெட்டி, நூறு ஹிஜ்ரி வருஷத்துக்கு ஒன்பது சென்ரிமீற்றரும் ஏழு மில்லிமீற்றரும் என்று புதிதாகக் கோடு போட்டேன். பக்தாத் 1258 இல் போய் நின்றது. கொன்ஸ்தாந்திநோபிள், ஹிஜ்ரி 857, 1453 இல் நின்றது. கிரனாடா, 897, 1492 இல். ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்த அந்தப் பின்னேரத்தை எந்தச் சான்றிதழுக்கும் நான் மாற்றமாட்டேன்.

இனிக் கல்லின் கதை.

எங்கள் பள்ளியின் பழைய கதவு நிலையில் ஹிஜ்ரி ஆண்டும் மாதமும் அரபு இலக்கத்தில் செதுக்கியிருக்கிறது. கட்டடம் இரண்டு தடவை மாறியும் அந்த நிலை மாறவில்லை. சுனாமியில் கதவு போனது, நிலை நின்றது. அந்த ஆண்டை வைத்துத்தான் பள்ளி நிருவாகம் நூற்றாண்டு விழாவை அறிவித்தது. கொரோனாவால் பிந்தி, பெற்றோல் வரிசையால் இன்னும் பிந்தி, கடைசியில் நாள் குறித்தார்கள். நிருவாகத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். எனக்கு ஒன்பதாம் ஆண்டில் சரித்திரம் படிப்பித்த அதே ஆள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவரே எங்கள் முன்னறைக்கு வந்தார்.

"புள்ள, நினைவுக் கல்லுக்கு ஒரு திரை வேணும். பச்சைச் சாட்டின். கயித்த இழுத்தா ரெண்டு பக்கமும் விலகோணும், நடுவுல மாட்டக்கூடா. வேற ஒரு ஊர்ல பிரதம விருந்தாளி இழுத்து இழுத்துப் பாத்து, கடைசில திரையோட ஆளும் விழப் பாத்த."

"மாட்டாது சேர். கல்லுட அளவு அனுப்புங்க."

அளவை எழுதி அனுப்பவில்லை. காரைதீவில் கல் வெட்டும் கடையில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், பக்கத்தில் ஒரு அடிக்கோல் சாய்த்து. வெள்ளை மாபிள், கறுப்பு எழுத்து. மேலே பிஸ்மி. நடுவில் பள்ளியின் பெயர். அதன் கீழே, தோற்றம் என்று போட்டு, ஒரு வரியில் ஹிஜ்ரி ஆண்டு, அடுத்த வரியில் கி.பி. ஆண்டு.

படத்தைப் பெரிதாக்கி அடிக்கோலைப் பார்க்கும்போதே என் கண் அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டது. ஹிஜ்ரியோடு 622 ஐ அப்படியே கூட்டியிருந்தார்கள். கன்வஸ் பட்டியில் வைத்துப் பார்த்தேன். காகிதத்திலும் போட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்பது வருஷம் பிழை. பள்ளிக்கு வயது நூறு இல்லை, நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது. நூற்றாண்டு என்ற விழாவே பிழை.

உடனே போன் எடுத்தேன்.

"சேர், கல்லுல ஒரு பிழை இரிக்கி."

"எழுத்துப் பிழையா? மூண்டு பேர் பாத்த கல்லு அது."

"எழுத்து சரி. வருஷம் பிழை. முப்பத்தொன்பது வருஷம் குறைச்சிப் போட்டிரிக்கீங்க."

"ஹிஜ்ரியோட அறுநூத்தி இருபத்திரண்டக் கூட்டினாக் கிறிஸ்து வருஷம். இத உனக்குப் படிப்பிச்சதே நான்தான்."

"ஓம் சேர், நீங்கதான். நானும் அப்பிடியே பிழையா வச்சிருந்த. பிறை வருஷம் குட்டை. அத வீடியோவில பாடம் பாக்கக்குள்ளதான் பிடிச்ச."

"யூடியூப்லயா?" சிரித்தார். "அதுல உலகம் தட்டை எண்டும் ஒருத்தன் சொல்றான், பாத்தயா?"

"பாத்த. ரெண்டையும் பாத்துத்தான் எது சரி எண்டு பிடிக்கிற."

"சரி, சரி. நீ திரையத் தைச்சித் தா. வருஷத்த நாங்க பாத்துக்கிறம்."

"வருஷத்த மாத்துங்க சேர், தைச்சித் தாறன். மாத்தாட்டித் தைக்கமாட்டன்."

அந்த வசனத்தை நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதை விட்டு இறங்க எனக்கு மனமில்லை. ஒரு பிழை என் கொப்பிக்குள் இருந்தால் நான் திருத்தலாம், இணையத்தில் கொமென்டாக இருந்தால் கீழே ஒரு வரி சேர்க்கலாம். மாபிளில் வெட்டி வாசலில் பதித்துவிட்டால் அதை யார் திருத்துவது? நாளைக்கு எந்தப் பிள்ளையும் பள்ளியின் சரித்திரத்தை அந்தக் கல்லைப் பார்த்துத்தான் எழுதும். பள்ளியைக் கட்டி, அந்த முப்பத்தொன்பது வருஷம் அதில் தொழுத ஆட்கள் இல்லாமல் போய்விடுவார்கள். அதற்குப் பச்சைத் திரை தைத்து, இழுத்தால் மாட்டாமல் விலகச் செய்து கொடுக்க வேண்டியது என் கை.

ராத்தா பயந்துவிட்டாள்.

"உனக்கென்ன விசரா? பள்ளியோட கொழுவினா நாளைக்கு நம்மட மையித்துக்கு ஆரு வருவா?"

"வருவாங்க ராத்தா. தேதியத்தான் பிழையாப் போடுவாங்க."

"சிரிக்காத. வேற ஒரு தையல்காரிட்டக் குடுத்தா முடிஞ்சிது கதை."

அது உண்மை. சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை எத்தனை மெஷின் ஓடுகிறது. ஆனால் செயலாளர் மூன்று நாள் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. அந்த மூன்று நாளும் கதை மட்டும் ஊருக்குள் நடந்தது. தைக்கக் கொடுத்த இரண்டு அபாயாத் துணிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் வாசலில் நின்று, "யூடியூப் மௌலவியா வீட்ட இரிக்கிறாவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றையிலிருந்து ராத்தாவும் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

நாலாவது நாள் மாமாவிடம் போனேன். மாமா என் உம்மாவின் தம்பி, மீன் வாடி வைத்திருந்தவர், எங்கள் குடியின் மரைக்காயர். எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு குடியைச் சேர்ந்தவர். குடி தாய்வழியாக வரும். வாப்பா எந்தக் குடியானாலும் பிள்ளை உம்மாவின் குடி. ஒவ்வொரு குடிக்கும் பள்ளி நிருவாகத்தில் ஒரு மரைக்காயர் இருப்பார்.

"மாமா, எங்கட குடி சார்பா இதச் சபையில நீங்க கேக்கணும்."

"பொம்புளைட கேள்விய நான் எப்பிடிச் சபைக்குக் கொண்டு போற?"

"குடி பொம்புளையால வருது. நீங்க மரைக்காயர் ஆனதே உங்கட உம்மாவால. கேள்வி மட்டும் ஏன் ஆம்புளையால வரணும்?"

மாமா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "கணக்கு சரியா?"

"சரி."

"சத்தியமா?"

"சத்தியம் தேவையில்ல மாமா. கூட்டிக் கழிச்சாத் தெரியும்."

"அப்ப நான் கேக்கமாட்டன். ஆள இஞ்ச கூட்டிட்டு வாறன். உண்ட வாயால நீயே கேளு. நான் பக்கத்தில இரிப்பன்."

அடுத்த நாள் அசர் தொழுகைக்குப் பிறகு செயலாளர் மாமாவின் வீட்டு முன்மண்டபத்துக்கு வந்தார். கையில் விழாக் காகிதங்களின் கோவை. நான் அளவு நாடாவையும் கன்வஸ் பட்டியையும் மேசையில் விரித்து விளங்கப்படுத்தத் தொடங்கினேன். இரண்டு நிமிடம் கூட அவர் பார்க்கவில்லை.

"இது தையல் கணக்கு. சரித்திரத்துக்கு முறை இரிக்கி."

பட்டியைச் சுருட்டி வைத்தேன். மாமாவின் அலுமாரியில் பள்ளி வெளியிட்ட சிறு புத்தகம் ஒன்று இருந்தது. எங்கள் பகுதியில் எல்லா வீட்டிலும் இருக்கும். சுனாமியில் கடலோடு போன எங்கள் பகுதி ஆட்களின் பட்டியல். அதைத் தொகுத்தவர் செயலாளர்தான். முதல் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது எழுதின நீங்கதானே சேர்?"

"ஓம். அதுக்கென்ன?"

"மேல என்ன வருஷம் போட்டிரிக்கீங்க?"

"ஹிஜ்ரி ஆயிரத்தி நானூத்தி இருபத்தஞ்சி, துல்கஃதா மாசம்."

"அதோட அறுநூத்தி இருபத்திரண்டக் கூட்டுங்க."

செயலாளர் சட்டைப் பையில் பேனையைத் தேடினார். மாமாவுக்குப் பேனை தேவையில்லை. முப்பது வருஷம் மீன் ஏலத்தில் நின்றவர்.

"ரெண்டாயிரத்தி நாப்பத்தேழு," என்றார் மாமா. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார்.

"அப்ப கடல் இன்னும் வரல்ல சேர்," என்றேன். "இந்தப் பட்டியல்ல இரிக்கிற ஆக்கள் எல்லாரும் இப்ப அவங்கட அவங்கட வீட்ட இரிக்கணும்."

"மௌத்தான ஆக்கள இழுத்துக் கணக்குப் பாக்காத, புள்ள." அவருடைய குரல் உயர்ந்தது.

"பதினேழாவது பேரு என்ட வாப்பா. இழுக்க எனக்கு உரிமை இரிக்கி."

மாமி தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்து, சீனி போட்டதா என்று கூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

செயலாளர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், என்னிடம் இல்லை, மாமாவிடம். "நூத்தி நாப்பதுக்கு மேல எண்டா, நூறாவது வருஷம் எப்ப வந்திரிக்கும்?"

"எண்பதுகள்ல," என்றேன் நான். "நீங்க படிப்பிக்க வாறத்துக்கு முந்தி."

"அப்ப சபையில என்ட வாப்பா செயலாளர்." கோவையின் நாடாவை அவிழ்த்தார், கட்டினார். "அவங்க விழா ஒண்டும் எடுக்கல்ல. ஒரு மவ்லூது கூட ஓதல்ல. நான் எடுக்கிறன் எண்டுதான் நினைச்ச."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிழையான கணக்கைக் காப்பாற்ற அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பள்ளியின் நூறாவது வருஷம் தன் கையில்தான் வந்திருக்கிறது என்று நம்பியிருந்தார்; அது தன் வாப்பாவின் காலத்திலேயே வந்து, யாரும் கவனிக்காமல் போயிருந்தது. வேறு தையல்காரியிடம் கொடுக்காமல் காத்திருந்ததும், பிழையோ என்ற சந்தேகம் அவருக்கே வந்துவிட்டதால்தான் என்று நினைக்கிறேன். எனக்கு மனம் இளகியது. ஆனால் இளகினால் ஆண்டு மாறாது.

"விழாவ எடுங்க சேர். ஆரு வேணாம் எண்ட? வருஷத்த மட்டும் சரியாப் போடுங்க."

"நோட்டீஸ் அடிச்சாச்சு. பெனர் கட்டியாச்சு. நூத்தி நாப்பத்திச் சொச்சத்துக்கு ஆரு விழா எடுக்கிற?"

"பிழையான நூறுக்கு எடுக்கிறத விட, சரியான சொச்சத்துக்கு எடுக்கலாம்."

மாமா சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஒன்பதாவது நாள் மாமா சபையின் முடிவைக் கொண்டு வந்தார். கி.பி. வரியை அழித்துவிடுவது. ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருக்கும். புதிய ஆண்டை வெட்டுவதைப் பற்றி ஒரு முடிவும் இல்லை. பெனரில் நூற்றாண்டு அப்படியே. என் பெயர் கூட்டக் குறிப்பில் இல்லை; ஒரு சகோதரி சுட்டிக்காட்டியதாகவும் இல்லை. கணக்கில் சிறு ஐயம் ஏற்பட்டதாக எழுதியிருந்தார்களாம்.

"ஐயமா?" என்றேன்.

"விடு மகள். பிழை கல்லுல போகல்லத்தானே."

மாபிள் தூளும் பசையும் குழைத்து அந்த வரியின் பள்ளங்களை அடைத்தார்கள். படம் அனுப்பினார்கள், பார்த்தேன், அன்றைக்குப் பின்னேரம் திரையைத் தைத்துக் கொடுத்தேன். இரண்டு துண்டு, நடுவில் ஒன்றன் மேல் ஒன்று நாலு சென்ரிமீற்றர் படியும், பித்தளை வளையம், வழுக்கும் நூல்கயிறு. ஐந்து தடவை இழுத்துப் பார்த்தோம். ராத்தாதான் பிரதம விருந்தாளியாக நின்று இழுத்தாள். "இந்தத் திரை நல்லா விலகுது," என்றாள். "உன்னத்தான் விலத்தேலாம இரிக்கி." அவள் மறுபடி கதைக்கத் தொடங்கியது அந்தச் சொல்லோடுதான்.

விழாவன்று பெண்களுக்கு மத்ரஸாவின் மண்டபத்தில் இடம் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. திரை மாட்டாமல் விலகியது என்று தக்பீர் சத்தத்திலிருந்து தெரிந்துகொண்டேன். பிறகு செயலாளரின் பேச்சு. "நூறு வருடங்களுக்கும் மேற்பட்ட பழமை வாய்ந்த எமது பள்ளிவாசல்..." என்று தொடங்கினார். எழுதி வாசித்த பேச்சு. 'மேற்பட்ட' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நின்றார்.

"எத்தனை மேல?" என்று நான் ஒலிபெருக்கியைப் பார்த்துக் கேட்டேன். என்னைச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "நாப்பது!" என்று குரல் கொடுத்தாள். வாசலில் நின்று யூடியூப் மௌலவியா என்று கேட்டவளின் குரல் அது. பகிடிக்குச் சொன்னாளா உண்மைக்குச் சொன்னாளா தெரியாது. எதற்குச் சொன்னாலும் இலக்கம் சரி, ஒரு சில வருஷம் குறைவு.

விழா முடிந்து பத்து நாளில் செயலாளரைப் பள்ளிக் காரியாலயத்து வாசலில் கண்டேன். இரண்டு பக்கத்தில் கணக்கை எழுதிக் கொண்டு போயிருந்தேன். கதவு நிலையின் ஹிஜ்ரி ஆண்டு, மாதம், பிறை வருஷத்தின் நாள்கள், சூரிய வருஷத்தின் நாள்கள், பெருக்கல், வகுத்தல், முடிவு. யூடியூப் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. நான் எங்கே படித்தேன் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கலாம், பெருக்கலில் சந்தேகம் இருக்க முடியாது.

வாசித்தார். இரண்டாம் பக்கத்தின் அடியில் விரல் வைத்து, வாய்க்குள் தானே ஒரு முறை வகுத்துப் பார்த்தார்.

"இப்ப பிழை ஒண்டும் இல்லையே, புள்ள. வெறும் இடம்தானே. இரிக்கட்டும்."

"பிழை இல்ல சேர். சரியும் இல்ல."

"ஒரு வரிக்காகக் கல்லக் கழட்டி இறக்கச் சொல்றயா?"

"கழட்டத் தேவையில்ல. நிக்கிற கல்லுல வெட்டலாம். காரைதீவுல கல்லு வெட்டுற அவரிட்டக் கேட்டுட்டுத்தான் வந்த."

கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு ஒப்பம் கேட்டேன். நகலில் ஒப்பம் வைத்துத் தேதியும் போட்டுத் தந்தார்.

நாலு மாதம் ஆகிறது. பதில் இல்லை. இரண்டாவது கடிதம் எழுதி முடிந்துவிட்டது, மாமா அடுத்த கூட்டத்தில் கையோடு கொண்டு போவார். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது இருக்கிறது. மெஷின் பக்கத்தில் போன் இப்போதும் சாய்ந்தே இருக்கிறது, பாடம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டது. பள்ளியைக் கட்டியவர்கள் வாழ்ந்த நூற்றாண்டு. அவர்களைப் பற்றி அந்தப் பாடங்களில் ஒரு சொல்லும் வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லவேண்டிய இடம் வேறு. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ கலைந்த பிறகு, பெண்களோடு பள்ளி வாசலுக்குப் போய், கல்லில் அடைத்துவிட்ட அந்த வெறும் இடத்தை அளந்துகொண்டு வந்தேன். இருபத்தொரு சென்ரிமீற்றர் நீளம், மூன்று சென்ரிமீற்றர் உயரம். நாலு இலக்கம் தாராளமாகக் கொள்ளும்.